நோர்டாலில் ஒரு நாற்காலி

அந்தக் கட்டத்தில் மூன்று என்று எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன்.

என் பெயர் லவோன் டைவெட். மொன்டானாவின் கிழக்கு ஓரம், வட டகோட்டா எல்லையை ஒட்டிய அல்மிரா கவுண்டி என்ற சின்ன மாவட்டத்துக்கு நான் கிளார்க். தேர்தலில் நின்று வாங்கிய வேலை. கடந்த மூன்று முறையும் என்னை எதிர்த்து நிற்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. பிறப்பு, இறப்பு, நிலப் பத்திரம், வாக்காளர் பட்டியல் எல்லாம் என் மேஜையில்தான். வாஷிங்டனுக்குப் போட வேண்டிய விண்ணப்பங்களை நிரப்ப வேறு ஆளில்லாததால் அதுவும் என் தலையில் விழுந்தது.

ஆர்லன் என் கணவன். நாங்கள் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு; வகுப்பில் மொத்தமே நாலு பேர். அதனால் அவனை மரியாதையாகப் பேச எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மெஷின் இருப்பது பில்லிங்ஸில். போக மூன்று மணி நேரம், நாற்காலியில் நாலு மணி நேரம், திரும்பி வர மூன்று மணி நேரம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் மெஷின் கேட்டுப் பார்த்தோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு, இது மாட்டுக்கே ஆகுமா என்று சந்தேகப்பட்டுவிட்டுப் போனார்கள்.

போகும்போது அவனே ஓட்டுவான். வரும்போது துவைத்துப் போட்ட துணியாகக் கிடப்பான், ஓட்ட முடியாது. சனிக்கிழமை நான் கூடப் போவேன். மற்ற இரண்டு நாளும் பக்கத்துப் பண்ணை வெண்டல் போகோர்னி போவார். வெண்டல் எங்கள் கவுண்டியை நிர்வகிக்கும் மூன்று கமிஷனர்களில் தலைவர், அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலிக்காரர். குளிர்காலத்தில் பனி மூடி ரோட்டை அடைத்துவிட்டால் யார் போவது, எங்கே போவது? ஒரு பிப்ரவரியில் தொடர்ந்து இரண்டு முறை தவறிப்போனது. ஆர்லனின் கால் பூட்ஸுக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே இருந்தான். மூன்றாவதும் தவறினால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் மத்திய அரசு அந்தத் திட்டத்தை அறிவித்தது. ஒதுக்குப்புற கவுண்டிகளுக்கு டயாலிசிஸ் நிலையம். ஆனால் எங்கள் பகுதிக்கு, அதாவது கிழக்கு மொன்டானா, மேற்கு டகோட்டா இரண்டுக்கும் சேர்த்து, ஒன்றே ஒன்று. இரண்டு பட்டினிக்காரர்களுக்கு நடுவே ஒரே ஒரு ரொட்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அவர்களுக்கு என்ன சந்தோஷமோ தெரியாது. பதினோரு கவுண்டிகள் விண்ணப்பித்தன. போட்டி என்னவோ எங்களுக்கும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நோர்டாலுக்கும்தான்.

எங்களுக்கும் டகோட்டாக்காரர்களுக்கும் கிண்டல் பழசு. ஆர்லன் அதில் கெட்டிக்காரன். "டகோட்டாவுல எத்தனை மரம் இருக்குன்னு கேளு, யோசிக்காம சொல்லிடுவான். ரெண்டு. ஒண்ணு போன வாரக் காத்துல சாஞ்சிடுச்சு" என்பான். அவர்களும் விடமாட்டார்கள். "மலை மாநிலம்னு பீத்திக்கறியே, உங்க ஊர்லேர்ந்து மலை தெரியுதா? உன் மண்ணும் என் மண்ணும் ஒண்ணுதான், எங்க பக்கம் ரோடு நல்லா இருக்கும், அவ்ளோதான்" என்பார்கள். எண்ணெய்ப் பணத்தில் போட்ட ரோடு. அதைச் சொன்னால் ஆர்லனுக்கு நிஜமாகவே கோபம் வரும்.

விண்ணப்பம் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டியது. நாற்பத்திரண்டு பக்கம். பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டம்: 'அருகிலுள்ள டயாலிசிஸ் நிலையம், ஒரு வழித் தூரம்.' எண் மட்டும்தான் ஏற்கும். நான் மூன்று என்று போட்டேன்.

இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் பக்கம் பில்லிங்ஸ் எவ்வளவு தூரம் என்று யாரைக் கேட்டாலும் மூணு என்பார்கள். பள்ளிக்கூடம் இருபது நிமிஷம். மளிகைக் கடை நாற்பது. மைல் கணக்கு எங்களுக்கு வண்டியின் டயர் தேய்கிற கணக்கு மட்டும்தான். தூரம் என்றால் நேரம். என் அப்பா அப்படித்தான் சொன்னார், நானும் அப்படித்தான் சொல்கிறேன், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அனுப்புவதற்கு முன் கமிஷனர்கள் மூவரையும் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். வெண்டல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "பக்கத்து நிலையம், மூணு." நிறுத்தினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நிறுத்தினார். "லவோன், பனி நேரத்துல நாலு ஆகுமே. நாலுன்னு போட்டா என்ன?"

"பொய் சொல்லக் கூடாது வெண்டல். கையெழுத்து என்னுது."

"அதுவும் சரிதான்" என்றார். மூன்று என்றே போனது.

மே மாதம் பதில் வந்தது. 'உங்கள் ஊரிலிருந்து மூன்று மைலுக்குள் நிலையம் இருப்பதால் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே தகுதி இழக்கிறது.' குறைந்தது முப்பத்தைந்து மைல் இருக்க வேண்டுமாம். எங்களுக்கு இருப்பது நூற்றுத் தொண்ணூறு.

நான் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். வாஷிங்டனுக்குப் போன் போட்டேன். ஐம்பது நிமிஷம் பாட்டு கேட்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தாள். இனிமையான குரல், அதுதான் எரிச்சல்.

"மூணு மைல்னு நீங்கதானே மேடம் போட்டிருக்கீங்க?"

"மூணு மணி நேரம்மா. மூணு மைல்ல எங்களுக்கு மாடுதான் இருக்கு."

"ஃபார்ம்ல மைல்னு தெளிவா இருக்கே மேடம்."

"எங்கே இருக்கு?"

"நாலாம் பக்கம், குறிப்பு ஏழு."

"கட்டம் பதினோராம் பக்கத்துல இருக்கு. குறிப்பு நாலாம் பக்கத்துலயா?"

"ஆமாம் மேடம்."

"சரி, தப்பு என்னுதுதான். நீ ஒரு மேப்பை எடுத்துப் பாரு கண்ணு. ஒரு நிமிஷம் ஆகாது."

"மேப் பாக்க எங்களுக்கு அனுமதி இல்ல மேடம். நீங்க எழுதினதை மட்டும்தான் பாக்கலாம். எங்க ஆபீஸ் தப்பு பண்ணியிருந்தா அப்பீல் உண்டு. நீங்க பண்ணின தப்புக்கு அப்பீல் கிடையாது." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு வருத்தமா இருக்கு மேடம்" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வீட்டுக்குப் போய் ஆர்லனிடம் சொன்னேன். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆகாத உப்பு அதில் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். முழுசாகக் கேட்டான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சிரிக்காதே ஆர்லன். என்னால தாங்க முடியல."

"நான் போட்டிருந்தாலும் மூணுன்னுதான் போட்டிருப்பேன். இந்த கவுண்டியில யாரு போட்டிருந்தாலும் அப்படித்தான். எவனாவது ஒருத்தன் வந்து நூத்தித் தொண்ணூறுன்னு சொல்லியிருந்தா, யாருடா இவன் வெளியூர்க்காரன்னு கேட்டிருப்போம்." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அழாதே லவோன். அழுதா எனக்குப் பயமா இருக்கு."

நிலையம் நோர்டாலுக்குப் போனது. அவர்கள் மைலில் போட்டிருந்தார்கள்.

சும்மா இருக்கவில்லை நான். எங்கள் செனட்டர் பிராடிகனுக்கு நாலு கடிதம் எழுதினேன். ஆகஸ்ட் மாதம் கவுண்டி கண்காட்சிக்கு அவரே வந்தார். புது பூட்ஸ், புது தொப்பி. பன்றிக் கொட்டகையில் நின்று ஆர்லனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை நான் விடமாட்டேன் ஆர்லன். டகோட்டாக்காரங்க நம்ம தட்டுலேர்ந்து எடுத்துத் தின்ன நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்." சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆர்லன்கூட தட்டினான். டயாலிசிஸுக்காகக் குழாய் பொருத்திய கை, பலமாகத் தட்டக் கூடாது என்று நான் தடுத்தேன்.

அக்டோபரில் செனட்டரின் உதவியாளர் பிரெஸ்டன் போன் செய்தான். நல்ல பையன்தான், முப்பது வயசு இருக்கும், நம்மூர்க்காரன், கல்லூரிக்குப் போய் கெட்டுப்போனவன்.

"மேடம், நேரா சொல்லிடறேன். டகோட்டா செனட்டர் ஹோம்க்விஸ்ட் அம்மா ஜெயிச்சு வந்திருக்கறது இது நாலாவது தடவை. பணத்தைப் பிரிக்கற கமிட்டியில உக்காந்திருக்காங்க. நம்ம ஆள் போய் ரெண்டு வருஷம்தான் ஆகுது."

"அதுக்கு?"

"விமானப் படைத் தளத்துக்குப் புது ஓடுதளம் கேட்டிருக்கோம். அவங்க மாநிலத்துலயும் ஒரு தளம் இருக்கு, அவங்களும் கேக்கறாங்க. இப்ப அவங்க எங்களோடதைத் தடுக்காம இருக்கணும். நாங்க நோர்டாலைத் தொடாம இருக்கணும். நான் சொன்னேன்னு எங்கேயும் சொல்லிடாதீங்க."

"ஓடுதளத்துல என் புருஷனைப் படுக்க வெச்சா ரத்தம் சுத்தமாகுமா தம்பி?"

அவன் தயங்கிக் கேட்டான். "உங்க கவுண்டியில எத்தனை ஓட்டு மேடம்?"

அதை என்னிடமா கேட்கிறான், பட்டியலையே வைத்திருப்பவளிடம்? "ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு."

"ம்" என்றான். அந்த ஒரு எழுத்திலேயே எல்லாம் முடிந்துபோனது. தளம் இருக்கும் ஊரில் ஐம்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதுதான் என்னைத் தின்றது.

அடுத்த வருடம் நோர்டால் நிலையம் திறந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி பத்து நிமிஷம். கிடைத்தது அவர்களுக்கு என்றாலும் பக்கத்தில்தானே இருக்கிறது, வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்போம் என்று இருவரும் கிளம்பினோம். ஆர்லன் வழியெல்லாம் ரோட்டைப் பாராட்டிக்கொண்டு வந்தான். தோற்றவன் பாராட்டுகிற மாதிரி.

நிலையத்தை நடத்துபவள் பெவ் ஷாட்ஸ். என் வயசு. எங்களை உட்கார வைத்து காபியும் சுருள் ரொட்டியும் கொடுத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு நாற்காலிகள். ஆறில் ஆள் இருந்தது. இரண்டு காலி. ஆர்லன் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதிப் பணம் எங்க மாநிலம் போட்டிருக்கு" என்றாள் பெவ். "அதனால எங்க மாநிலத்துல குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான்னு எழுதிட்டாங்க. ஹோம்க்விஸ்ட் அம்மா அதைச் சொல்லித்தான் போன தேர்தல்ல ஓட்டு கேட்டாங்க. 'நம்ம நாற்காலி நமக்கே'ன்னு."

"ரெண்டு காலியா இருக்கே பெவ்" என்றேன்.

"தெரியும். தினமும் அதைத் தொடைக்கறது நான்தான்." அவள் முகம் சிவந்துவிட்டது. "நான் மேல எழுதிப் பாத்துட்டேன். நீங்க முதல் ஆள் இல்ல. உங்க பக்கத்துலேர்ந்து மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தர் இப்ப இல்ல."

"இங்க ஒரு விலாசம் இருந்தா போதுமா?" என்று ஆர்லன் கேட்டான். அவன் அதைக் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"விலாசம் மட்டும் போதாது. இங்கேயே வசிக்கணும். சின்ன ஊரு, யாரு எங்க தூங்கறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். பொய்னு தெரிஞ்சா நாற்காலி போயிடும், என் வேலையும் போயிடும்." காபியை மறுபடி ஊற்றினாள். "என் அத்தை பொண்ணு வீட்டுல மாடி ரூம் ஒண்ணு காலியா இருக்கு. சும்மா சொல்லி வெக்கறேன்."

திரும்பி வரும்போது நான் கத்தினேன். செனட்டர்களை, வாஷிங்டனை, அந்த அத்தை பொண்ணை, எல்லாரையும். ஆர்லன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்ததும் சொன்னான், "அந்தப் பொம்பளை நல்லவ லவோன். அவளைத் திட்டாதே."

நான் அவனோடு போக முடியாது. கிளார்க் கவுண்டிக்குள்தான் வசிக்க வேண்டும், அது சட்டம். வேலையை விட்டால் சாப்பாட்டுக்கு வழி? மாடுகளை எல்லாம் எப்போதோ விற்றாகிவிட்டது. எனக்குப் பென்ஷன் வர இன்னும் நாலு வருடம். நாலு வருடத்தை நாங்கள் இருவரும் அடிக்கடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தோம், சத்தமாகச் சொல்லவில்லை.

ஜனவரியில் அது முடிவானது. வியாழக்கிழமை பில்லிங்ஸிலிருந்து வரும்போது வெண்டலின் வண்டி ஐஸில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஐந்து மணி நேரம் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள், மைனஸ் முப்பதில். குளிரில் விறைத்து வெண்டலின் இரண்டு விரல் போய்விட்டது. ஆர்லன் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனான். வெண்டல் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இன்னும் எட்டு இருக்கு, செவ்வாய்க்கிழமை நான்தான் ஓட்டறேன்" என்றாராம்.

ஆர்லன் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்தான். "நான் டகோட்டா போறேன் லவோன்."

"வாரக் கடைசியில நான் வரேன்" என்றேன். வேறென்ன சொல்வது.

"ரோடு நல்லா இருந்தா வா."

இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, அவன் அப்பாவின் நாற்காலி. அவ்வளவுதான் எடுத்துப் போனான். டிரைவிங் லைசென்ஸை மாற்றினான், வண்டி நம்பரை மாற்றினான். கடைசியில் ஒரு காகிதம் பாக்கி. டகோட்டாவில் வாக்காளர் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. அங்கே அடையாள அட்டையைக் காட்டி ஓட்டுப் போட்டுவிட்டுப் போகலாம். அதனால் ஒருவன் நிஜமாக இடம் மாறிவிட்டானா என்பதைப் பார்க்க, பழைய ஊரின் பட்டியலில் பெயர் நீக்கப்பட்டதா என்று கேட்கிறார்கள். நீக்கியதாகப் பழைய கவுண்டியின் கிளார்க் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை அவன் போன் செய்தான். "லவோன், என் பேரை அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் நாற்காலியை வெச்சிருப்பாங்களாம். நாளைக்கு பில்லிங்ஸ் போக ஆள் இல்ல."

"பண்ணிடறேன்."

"உன்னால முடியலைன்னா ரோண்டாவைப் பண்ணச் சொல்லு."

ரோண்டா என் உதவியாளர். அவளும் பின்னால் நின்று, "நான் பண்ணட்டுமா லவோன்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். என் புருஷன் பெயரை வேறு யாரும் அடிக்க வேண்டாம்.

டைவெட், ஆர்லன் ஜே. பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவன். காரணம் கேட்டது கம்ப்யூட்டர். இறப்பு, இடமாற்றம், சொந்த விருப்பம் என்று வரிசையாக இருந்தது. இடமாற்றத்தைத் தொட்டேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். எங்கள் பெயர்கள் பட்டியலில் எப்போதும் அடுத்தடுத்து இருக்கும். அவன் போனதும் என் பெயர் ஒரு வரி மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. சான்றிதழை அச்சடித்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு நோர்டாலுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பெவ் கூப்பிட்டாள். "வந்துடுச்சு. சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு அவருக்கு நாற்காலி."

சனிக்கிழமை நோர்டால் போவதாக இருந்தேன். பனி விழுந்து ரோட்டை மூடிவிட்டார்கள். மதியம் தபால் பெட்டி வரை மட்டும் நடந்து போக முடிந்தது. அதில் முந்தின நாளே வந்து கிடந்த கவுண்டி ஆபீஸ் உறை ஒன்று, ஆர்லன் பெயருக்கு. பெயரை நீக்கினால் நீக்கப்பட்டவருக்குப் பழைய விலாசத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் தானாகவே அச்சடித்துவிடும், தபாலில் போடுவது ரோண்டா. நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அது யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பிரித்துப் படித்தேன். 'மேற்கண்ட விலாசத்தில் தாங்கள் இனி வசிக்கவில்லை என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.' கீழே என் கையெழுத்து. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று அழுதேன். இதில் தவறு என்று தோன்றினால் முப்பது நாளுக்குள் கிளார்க்கிடம் முறையிடலாம் என்று கடைசி வரியில் போட்டிருந்தது.